சாளை பொரித்தால் தெரியும் ஆள்

2022ஆம் ஆண்டு செப்டம்பர் பதினான்காம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, தேங்காய்ப்பட்டணத்தில் ஜாஸ்மி தன் அடுக்களையில் எடுத்த சாளை மீன் பொரியல் வீடியோவில், அந்த நேரம் கரையிலிருந்து இருநூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருந்த அவள் கணவன் வினோஜ், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். நீலக் கைலி கட்டியிருந்தான். பனியனில் தோள்பட்டை கிழிந்திருந்தது. அடுக்களையில் ஆள் யாரும் இல்லை, வீடியோவில் மட்டும்தான் இருந்தான். ஜாஸ்மிக்கு இது தெரிந்தது மூன்று நாள் கழித்து, வீடியோவுக்குக் கீழே வந்த கருத்துகளை வாசித்தபோது. உப்பு கூடுதல் என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண், "பின்னால நிக்குத அண்ணன் ஒரு வெங்காயமாவது உரிச்சுக் குடுக்கலாமே" என்று எழுதியிருந்தாள். ஜாஸ்மி வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவளுடைய ஆள்தான். பேஸ்ட் நுரை முகவாய் வரைக்கும் வழிந்திருந்தது.

வினோஜ் 'மரியஜோதி' என்ற விசைப்படகின் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவனும் அதற்குத் தலைவனும். முப்பத்துமூன்றாம் நாள் கரைக்கு வந்தவனிடம் ஜாஸ்மி போனை நீட்டினாள். அவன் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இது நம்ம போட்டுக்க பின்பக்கம்லா, நான் முன்னால உள்ள அணியத்துக்கு முதுகு காட்டிட்டு நிக்கேன்" என்றான். அன்றைக்குப் பல் தேய்க்கும்போது சாளை பொரித்த மணம் வந்ததாகவும், படகில் சமைக்கிற பண்டாரியிடம் போய்க் கேட்டதாகவும், அவன் கஞ்சிதான் அடுப்பில் இருக்கிறது என்று சத்தியம் செய்ததாகவும் சொன்னான். "மணம் வந்துதுன்னா வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து நின்னிருக்கலாம்லா, மூவாயிரம் பேரு பாத்தாவ" என்றாள் ஜாஸ்மி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தடுத்த வாரங்களில் இதன் முறை விளங்கியது. ஜாஸ்மி அடுக்களையில் போனை ஸ்டாண்டில் நிறுத்திப் பதிவு செய்துகொண்டே சாளை பொரித்தால், மணம் கடலில் வினோஜுக்குப் போய்ச் சேரும். வினோஜ் வீடியோவுக்கு வந்து சேருவான். நெத்திலிக்குப் பாதி உருவம்தான் வரும். கோழிக்கு வரமாட்டான். சாம்பாருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. மணம் தீர்ந்ததும் ஆளும் தீர்ந்துபோவான். ஒரு வீடியோவில் கேஸ் சிலிண்டருக்கு முன்னால் குந்தி இருந்து கயிறு சுருட்டினான். இன்னொன்றில் பிரிட்ஜில் சாய்ந்து தூங்கினான். படகின் ஓரத்தில் நின்று, அடுக்களையில் செய்யக்கூடாத ஒரு காரியத்தை அவன் செய்த பதினோரு விநாடிகளை ஜாஸ்மி வெட்டி எறிந்தாள். மற்றபடி எல்லாவற்றையும் போட்டாள். 'ஜாஸ்மி அடுக்களை' என்ற அவளுடைய சேனலை நாற்பதாயிரம் பேர் பார்க்கத் தொடங்கினார்கள். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலுக்குப் போன ஆள் சாப்பாட்டு மணத்துக்கு வீட்டுக்கு வருவதில் என்ன அதிசயம் என்று கேட்டவர்களும் உண்டு.

குறை சொன்னவர்கள் எல்லாரும் சத்தத்தைத்தான் சொன்னார்கள். எண்ணெய் சத்தத்தில் ஜாஸ்மி பேசுவது கேட்கவில்லை, கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்றார்கள். ஆகவே அவள் பஸ் ஏறி கோட்டாறுக்குப் போனாள். அங்கே சுயம்புராஜ் ஒரு கடை வைத்திருந்தார். மாதா கோயில் திருவிழாவுக்கும் அய்யாவழித் தாங்கலில் நடக்கும் திருஏடு வாசிப்புக்கும் கல்யாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர். முப்பது வருடமாக ஊர்ச் சத்தத்தோடு பழகியதால், யார் பேசினாலும் தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு காதை முன்னே நீட்டித்தான் கேட்பார்.

"புதுப் போனு வாங்கணுமா அண்ணே, இல்ல லைட்டு வாங்கணுமா?" என்று கேட்டாள் ஜாஸ்மி.

"ரெண்டும் வேண்டாம். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா ஆளுவ பொறுத்துக்கிடும். சத்தம் கேக்கல்லன்னா எழும்பிப் போயிருவாவ. வெளிச்சத்துக்கு ஜன்னலப் பாத்து நில்லு, அது சும்மா கிடைக்கும். மைக்கு வாங்கு."

கண்ணாடி மேசையில் மூன்று மைக்குகளை வரிசையாக வைத்தார். முதலாவது சட்டையில் குத்துகிற காலர் மைக். குத்தியிருக்கிற ஆளை மட்டும் கேட்கும். இரண்டாவது கையில் பிடிக்கிற மைக். வாயை ஒட்டிப் பிடித்தால்தான் எடுக்கும். மூன்றாவது கனமாக, சிறு தேங்காய்ச் சிரட்டையின் பருமனில், வலைபோட்ட முகத்தோடு இருந்தது. "இது கண்டென்சர் மைக்கு. இதுக்கு வெக்கம் மானம் ஒண்ணும் கிடையாது. பக்கத்து வீட்டுல மாமியாரும் மருமவளும் சண்டை போட்டாலும் பிடிச்சிரும். எண்ணெய் வைக்கித இடத்துல இது உனக்கு ஆவாது" என்று அதைத் திரும்ப எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டார். ஜாஸ்மி காலர் மைக்கை வாங்கினாள். "மாப்பிளைக்கும் ஒண்ணு மாட்டணும்னா ரெண்டு மைக்குள்ள செட்டு இருக்கு" என்றார் சுயம்புராஜ். "அவரு சட்டை போட்டு நிக்கித நேரம் குறைவாக்கும் அண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 2024 அக்டோபரில் அரபிக்கடலில் காற்று கிளம்பியது. எச்சரிக்கை வந்ததும் தேங்காய்ப்பட்டணத்துப் படகுகள் லட்சத்தீவுப் பக்கமும் கொச்சிப் பக்கமும் ஒதுங்கின. நான்கு நாளில் காற்று அடங்கியது. வெளியே கிடந்த நாற்பத்தியொரு படகுகளில் நாற்பது, தாங்கள் இன்ன இடத்தில் இருக்கிறோம் என்று செய்தி சொல்லிவிட்டன. மரியஜோதி சொல்லவில்லை. அதில் வினோஜோடு ஒன்பது பேர் இருந்தார்கள். படகின் வயர்லெஸ் அறுபது கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. தேடுகிற கப்பல் ஒன்று போய் வந்தது, விமானம் ஒன்றும் சுற்றி வந்தது. கடல் பெரியது, எங்கே என்று ஒரு குறிப்பாவது வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

ஆறாம் நாள் ஜாஸ்மி சாளை தேடினாள். படகுகள் போகாததால் கரையில் மீனே இல்லை. கேரளத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த லாரியை வழியில் நிறுத்தி இரண்டு கிலோ வாங்கினாள். அடுக்களையில் ஸ்டாண்டை வைத்து, போனில் யாரும் அழைக்காதபடி பிளைட் மோடில் போட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பொரித்தாள். பிறகு போட்டுப் பார்த்தாள். வினோஜ் இருந்தான். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், நேராகக் கேமராவைப் பார்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்திக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. அவன் காலடியில் தண்ணீர் வைக்கிற நீலக் கேன் நின்றது. அதில் பாதிக்குக் கீழேதான் தண்ணீர் இருந்தது. மணம் வந்ததும் வீட்டில் பதிவு ஓடுகிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் காலர் மைக்கில் ஜாஸ்மியின் மூச்சும் சட்டியின் இரைச்சலும் தவிர ஒன்றும் இல்லை. வாயசைவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், இருபது நாள் தாடியும் மீசையும் வாயை மூடியிருந்தன.

மற்ற எட்டுப் பேரின் வீட்டாட்களும் அன்று மாலைக்குள் ஜாஸ்மி வீட்டில் நிறைந்தார்கள். வீடியோவில் வினோஜ் ஒருவன்தான் முழுதாகத் தெரிந்தான். ஒரே ஒரு தடவை ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவனிடம் டம்ளரைக் கொடுத்தது. கட்டைவிரலில் தூண்டில் கிழித்த பழைய தழும்பு இருந்தது. அபிதா என்ற பெண் அந்த இடத்தைப் பதினான்கு தடவை போட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டு ஆளுக்க கையாக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். கை தெரியாத ஏழு பேரின் வீட்டாட்களும் அந்தக் கையைப் பார்த்துத்தான் ஆறுதல் பட்டார்கள்.

மறுநாள் காலர் மைக்கைக் கழற்றி அரிசி டிரம்மின் மூடியில் குத்திப் பார்த்தாள் ஜாஸ்மி. டிரம்முக்குப் பின்னால் இருந்த பல்லியின் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது. வினோஜ் கேட்கவில்லை. கேனில் தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அவள் கோட்டாறுக்குப் போன் போட்டாள்.

சுயம்புராஜ் கேள்வி கேட்கவில்லை. வேனில் கடையில் பாதியை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கினார். அடுக்களைக்குள் நின்று ஒரு தடவை கைதட்டினார். சத்தம் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. தரையில் டைல்ஸ், சுவரில் டைல்ஸ், மேலே கான்கிரீட். "இது அடுக்களை இல்ல மக்கா, குடமாக்கும்" என்றார். கண்டென்சர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டி, அதற்கு மின்சாரம் கொடுக்கிற சின்னப் பெட்டியோடு இணைத்து, முகத்தை அரிசி டிரம்மைப் பார்த்துத் திருப்பினார். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

"அண்ணைக்கு இது எனக்கு ஆவாதுன்னிய?"

"அண்ணைக்கு உன் சத்தம்லா வேணும். இப்பம் தூரத்துச் சத்தம் வேணும். தூரத்துச் சத்தம் எடுக்கது இதுதான்."

"எவ்வளவு தூரம் எடுக்கும்?"

"அது பெட்டியில எழுதல்ல."

முதல் தடவை சட்டியில் மீன் விழுந்ததும் சுயம்புராஜ் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். காதுக்குள் தகரக் கூரையில் மழை பெய்ததாம். சாளை பொரிக்காமல் வினோஜ் வரமாட்டான், பொரித்தால் அவன் குரல் இரைச்சலில் மூழ்கிவிடும். அடுப்பை அணைத்தாலோ, அரை நிமிடத்தில் மணம் ஜன்னல் வழியாகப் போய்விடுகிறது, அவனும் போய்விடுகிறான். எல்லாரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அபிதாதான் தன் வீட்டுக்கு ஓடிப்போய், அவள் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த, புலி படம் போட்ட கம்பளிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தெருவில் கம்பளி இல்லாத வீடு இல்லை. இந்த வெக்கையில் போர்த்த முடியாமல், பிளாஸ்டிக் உறையோடு பீரோவுக்கு மேலே இருபது வருடமாகக் கிடக்கிறவை. அரை மணி நேரத்தில் முப்பத்தியொரு கம்பளிகள் வந்தன. புலி பதினாறு, ரோஜாப்பூ பதினொன்று, மயில் மூன்று, குதிரை ஒன்று. சுவரிலும் ஜன்னலிலும் கதவிலும் அவற்றை இரட்டையாகத் தொங்கவிட்டார்கள். சுயம்புராஜ் மறுபடி கைதட்டினார். சத்தம் அவர் கையை விட்டு நகரவில்லை. இப்போது எதிரொலியும் இல்லை, மணமும் வெளியே போகாது.

பிரிட்ஜை நிறுத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஐஸ் கம்பெனியில் போய்ச் சொன்னபோது மோட்டாரை அவர்களாகவே அணைத்தார்கள். தெருமுனையில் ஆட்டோக்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாதா கோயிலில் மணியடித்து வேலை பார்க்கிற கோயில்பிள்ளை ஞானம், பன்னிரண்டு மணிக்கு அடிக்கவேண்டிய மணியை அன்று அடிக்காமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். ஜாஸ்மி பன்னிரண்டு சாளையைப் பொரித்து, அடுப்பை அணைத்து, சட்டியை ஈரத்துணியில் இறக்கி வைத்தாள். போனில் பதிவு ஓடியது. படத்தையும் சத்தத்தையும் பிறகு ஒட்டிப் பார்ப்பதற்காகச் சுயம்புராஜ் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் யாரும் அசையவில்லை.

அவருக்கு முதலில் கேட்டது அலை. கரையில் உடைகிற அலை இல்லை, மரத்தின் வயிற்றில் தட்டுகிற அலை. அடுத்து கயிறு கிரீச்சிடும் சத்தம். பிறகு, தொண்டை காய்ந்த ஒரு குரல், ராகம் போட்டு வந்தது. "தேங்காய்ப்பட்டணம், தேங்காய்ப்பட்டணம், மரியஜோதி பறயுது, மரியஜோதி பறயுது. இஞ்சின் போயாச்சு. ஒம்பது பேரும் இருக்கோம். எட்டு டிகிரி முப்பத்தேழு. எழுபத்திநாலு டிகிரி இருபத்தாறு." சுயம்புராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஹெட்போனைக் கழற்றி ஜாஸ்மியின் தலையில் வைத்தார். அவள் ஒரு கம்பளியை விலக்கி, எண்களைச் சுவரில் டைல்ஸின் மேலேயே எழுதினாள்.

அரை மணி நேரத்தில் வினோஜின் தம்பி விபின் தன் படகை அவிழ்த்தான். வினோஜோடு அவன் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவனுடைய வலையை நடுக்கடலில் யாரோ அறுத்துவிட்ட நாளிலிருந்து அண்ணன்மேல் சந்தேகம். ஆனாலும் முதலில் கிளம்பியது அவன்தான். அதிகாரிகள் கப்பலையும் கூட அனுப்பினார்கள். தெருவில் பாயசம் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கப்பலின் சாட்டிலைட் போனிலிருந்து துறைமுகத்துக்குச் செய்தி வந்தது. சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம், இங்கே ஒன்றும் இல்லை.

இதன் காரணத்தை அந்தத் துறைமுகத்தில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆழக்கடலில் மீன் கூடுகிற பார், அதாவது கடலடித் திட்டு, ஒவ்வொரு ஸ்ராங்குக்கும் தனிச் சொத்து. வயர்லெஸ்ஸில் பேசுவதை நாற்பது படகும் ஒட்டுக்கேட்கும். ஆகவே எவனும் தான் நிற்கிற இடத்தின் சரியான நம்பரைச் சொல்வதில்லை. கூட்டியோ குறைத்தோ ஒரு கள்ள நம்பர்தான் சொல்வான். எவ்வளவு கூட்டுகிறான், எவ்வளவு குறைக்கிறான் என்பது அவனுக்கும் அவன் நெஞ்சுக்கும் மட்டுமே தெரியும். பதினைந்து வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லி, வினோஜின் கண், இடம் காட்டுகிற மெஷினில் ஒரு எண்ணைப் பார்த்தால் வாய் வேறொரு எண்ணைச் சொல்லும். உயிர் போகிற நேரத்தில், தன் அடுக்களையில் நின்றுகொண்டு, தன் பெண்டாட்டியிடம் அவன் கள்ள நம்பர் சொல்லியிருந்தான். சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

கரையில் இருந்த ஸ்ராங்குகள் வாசலில் கூடி, வினோஜ் எவ்வளவு கூட்டுவான் என்று கணக்குப் போட்டார்கள். ஒருவர் டிகிரியில் பத்து மினிட்டு, அதாவது பதினெட்டு கிலோமீட்டர் என்றார். ஒருவர் இருபது, அதுவும் தெற்கே என்றார். தான் மூன்று வருடம் அவனைப் பின்தொடர்ந்து பார்த்தும் பிடிபடவில்லை என்று மூன்றாமவர் பெருமையாகவே சொன்னார். கடைசியாக எடுத்த வீடியோவில் கேனில் தண்ணீர் ஒரு விரற்கடைதான் இருந்தது. ஜாஸ்மி பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்த ராகம் அவளுக்குத் தெரியும். எங்கே நிற்கிறீர்கள் என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம் சாயாக்கடையிலிருந்து, இதோ ஐஸ் கம்பெனியில் நிற்கிறேன் என்று அவன் சொல்கிற ராகம் அது.

"நம்ம பேசுகது அவருக்குக் கேக்காது. மணம் மட்டுந்தான் போவும்" என்றாள். பிறகு செருப்புப் போடாமல் கோயிலுக்கு நடந்தாள்.

"தூபக்கலசம் ஒரு மணிக்கூர் வேணும்" என்று கோயில்பிள்ளை ஞானத்திடம் கேட்டாள்.

"அது வீட்டுக்குக் கொண்டுபோகப் பிடாதே ஏட்டி. எதுக்கு?"

"எங்க வீட்டு ஆளை மெய் பறய வைக்க."

ஞானம் தலையைச் சொறிந்தார். வினோஜ் உலகத்தில் பொய் சொல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், ஈஸ்டருக்கு முந்தின பாடுபட்ட வாரத்தில், சாம்பிராணி மணத்தில் முழங்காலிட்டு, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை செய்கிற இடம். அதை அவரும் அறிவார். "உன்கிட்ட தரமாட்டேன். நானே கொண்டுவாறேன்" என்று சொல்லி, சிரட்டைக் கனலைப் போட்டு, சாம்பிராணி டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு, அங்கியைப் போடாமல் கைலியோடு வந்தார்.

மறுபடி சாளை. மறுபடி தெரு அடங்கியது. அடுப்பை அணைத்ததும் ஞானம் கனலில் சாம்பிராணியைக் கொட்டி, அரிசி டிரம்மைப் பார்த்து மூன்று தடவை தூபம் காட்டினார். கம்பளிக்குள் போக்கிடம் இல்லாமல் புகை திரண்டது. போனில் படம் வெள்ளையாகி, வினோஜும் தெரியவில்லை, டிரம்மும் தெரியவில்லை, புலிகளும் தெரியவில்லை. மைக் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வாசலில் நின்ற எட்டு வீட்டாட்களும் கேட்கட்டும் என்று சுயம்புராஜ் வெளியே ஒரு ஸ்பீக்கர் போட்டிருந்தார். அதில் முதலில் இருமல் கேட்டது. பிறகு, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே" என்றது குரல். ராகம் இல்லை. சின்னப் பிள்ளையின் குரல்போல் இருந்தது.

"ஈஸ்டருக்கு வச்ச மீன்கறி நல்லா இருக்குன்னு ஜாஸ்மிகிட்ட பொய் சொன்னேன். வாயில வைக்க முடியல்ல."

வாசலில் யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"தம்பிக்க வலைய அறுத்தது நான்தான். எனக்க பாருல வந்து போட்டுட்டான்னு கோவத்துல அறுத்தேன். கப்பல் தட்டினதுன்னு சொல்லிட்டேன்."

சுயம்புராஜ் ஸ்பீக்கரைக் குறைக்கக் கையை நீட்டினார். குறைக்காதிய அண்ணே என்று வெளியிலிருந்து ஏழெட்டுக் குரல்கள் ஒன்றாக வந்தன. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் எனக்க பாருலதான் கிடக்கேன். ஆழம் குறைஞ்ச இடம், நங்கூரம் பிடிச்சிருக்கு. எட்டு டிகிரி இருபத்திரெண்டு. எழுபத்திநாலு டிகிரி நாப்பத்தொண்ணு. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

ஜாஸ்மி முந்தின எண்களுக்குக் கீழே புதிய எண்களை எழுதினாள். பகல் பன்னிரண்டு நாற்பது. வாசலில் நின்ற துறைமுகக் குமாஸ்தா ஸ்பீக்கரில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, அப்படியே கப்பலுக்கு வாசித்தார், கப்பல் அதை விபினின் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னது. ஈஸ்டர் மீன்கறியையும் வாசித்தார். எது முக்கியம் என்று முடிவு செய்வது தன் வேலை இல்லை என்று அவர் பின்னால் சொன்னார். விபினின் படகு நின்ற இடத்திலிருந்து அந்த நம்பர் தென்கிழக்கே நாற்பது கிலோமீட்டர்.

மூன்றரை மணிக்கு வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஐஸ் பெட்டியில் ஏழு சாளை மிச்சம் இருந்தது. "பொரி ஏட்டி, என்ன நடக்குதுன்னு பாக்கலாம்" என்றாள் அபிதா. ஜாஸ்மி பொரித்தாள். இந்தத் தடவை போனைப் பெரிய டிவியில் இணைத்து, நடக்கும்போதே பார்த்தார்கள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வினோஜ் உட்கார்ந்திருந்தான். நீலக் கேன் கவிழ்ந்து கிடந்தது. சிறிது நேரம் அலைச்சத்தம். பிறகு ஒரு இஞ்சின் சத்தம், சின்னதாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. வினோஜ் எழும்பினான். பிரிட்ஜ் பக்கமிருந்து விபின் படத்துக்குள் குதித்து, நேரே வந்து, அண்ணன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான். கண்டென்சர் மைக்கில் அறை தெளிவாக விழுந்தது. அதற்குப் பிறகு கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அழுதது, எட்டு வீட்டாட்கள் போட்ட சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஞானம் கோயிலுக்கு ஓடினார். அன்றும் பன்னிரண்டு மணிக்கு அடிக்காத மணியை நாலு மணிக்கு அடித்தார்.

ஒன்பது பேரும் மறுநாள் கரைக்கு வந்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்த வினோஜ், அடுக்களையில் நின்று, சுவரில் எழுதியிருந்த நான்கு எண்களையும் பார்த்தான்.

"யாரெல்லாம் கேட்டாவ?"

"தெரு முழுக்க. கரையில இருந்த ஸ்ராங்கு எல்லாரும் நின்னாவ."

"பாரையும் கேட்டாவளா?"

"நீங்கதானே பறஞ்சிய."

டிசம்பருக்குள் இருபத்தாறு படகுகள் அந்தப் பாரில் நங்கூரம் போட்டுவிட்டன. தேடிச் சேர்த்த இடம் அப்படிப் போனதில் அவனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இறங்காததற்கு ஜாஸ்மி மீன்கறியில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டிப் போட்டதும் ஒரு காரணம் என்று அபிதா சொல்வாள். விபினுக்கு ஒரு புது வலை வாங்கிக் கொடுத்தான். வேறு பார் தேட, இதுவரை போகாத அளவுக்கு வெளியே போவது என்று முடிவு செய்தான்.

இப்போது தேங்காய்ப்பட்டணத்தில் முப்பத்துநான்கு அடுக்களைகளில் கண்டென்சர் மைக் இருக்கிறது. எல்லாம் கோட்டாறிலிருந்து வந்தவை. சுயம்புராஜ் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து, கைதட்டிப் பார்த்து, எந்தச் சுவரில் எத்தனை கம்பளி என்று சொல்லிவிட்டுப் போகிறார். எல்லா ஆணும் சாளைக்கு வருவதில்லை. அபிதாவின் ஆள் பலாச்சுளையில் சக்கைச் சிப்ஸ் பொரித்தால்தான் முழுதாக வருவான். ஒருவர் ரசத்துக்கு வந்தார். ஒருவர் எதற்கும் வரவில்லை. அவர் பெண்டாட்டி பத்து நாள் முயன்றுவிட்டு, பக்கத்துத் தெருவில் விசாரிக்கப் போனாள். பகல் பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை ஐஸ் கம்பெனி மோட்டாரை நிறுத்துவதென்று ஊர்க்கமிட்டி எழுதி ஒட்டியிருக்கிறது. தக்கலைக்குப் போகிற பஸ் அந்த நேரம் ஹாரன் அடிப்பதில்லை.

ஜனவரி கடைசியில் வினோஜ் கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், படகின் பின்பக்கத்தில் தான் நிற்கிற இடம் அடுக்களையில் எங்கே வரும் என்று கயிறு பிடித்து அளந்து, தரையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டான். அதில் ஏறி நின்று, "தேங்காய்ப்பட்டணம், மரியஜோதி" என்று பலமாகச் சொன்னான். ஜாஸ்மி ஹெட்போனைக் காதிலிருந்து சற்றே விலக்கினாள்.

"நானூறு கிலோமீட்டருக்கு இவ்வளவு கத்தண்டாம்" என்றாள். "பைய சொன்னா போதும்."

அவன் பைய சொன்னான். அவள் மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தாள். அளவு சரியாக இருந்தது.